கரடிப் பள்ளம்வரை ஒரு தடம்

எங்கள் ஊரிலிருந்து க்ரேஸ்டாவுக்கு ஏறும் பனிக்காலப் பாதை திறந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு பலகை உண்டு. பால்சரின் ரொட்டிக்கடைக்கு எதிரே தடுப்புக் கட்டையில் மாட்டியிருக்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. ஜூரிக்கிலிருந்து வரும் விருந்தாளிகள் நின்று அதைப் படிப்பார்கள். ஊர்க்காரர்கள் படித்ததில்லை. நாங்கள் தரையைப் பார்ப்போம். இரவில் விழுந்த புதுப் பனியில் ஐத்தாவின் தடம் கட்டையைத் தாண்டி மேலே போயிருந்தால் பாதை திறந்திருக்கிறது. போன தடத்தின் மேலேயே திரும்பி வந்திருந்தால் மூடியிருக்கிறது. அவ்வளவுதான். க்ரேஸ்டா போய்ச் சேர்ந்ததும் அவள் விடுதியிலிருந்து பால்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "பச்சையத் திருப்பு" என்பாள். அது விருந்தாளிகளுக்காக. மேலே வேலை இருக்கிற எங்களில் சிலர் அதற்கு முன்பே அவள் தடத்தில் கால் வைத்து ஏறிக்கொண்டிருப்போம்.

ஐத்தா எங்கள் ஊர்க்காரி இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். அப்பா தபால் பஸ் ஓட்டினார். இளம்பெண்ணாக இருந்தபோது க்ரேஸ்டா விடுதியில் பார்லி சூப் பரிமாறும் வேலைக்கு வந்தாள். க்ரேஸ்டா என்றால் நாலைந்து வீடுகள், ஒரு சின்ன தேவாலயம், அந்த விடுதி. கோடையில் வண்டி போகும். பனி விழுந்துவிட்டால் நடைதான்.

அவள் வந்த முதல் குளிர்காலத்தில் பெரும் பனி விழுந்து, விடுதியில் தங்கியிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். கீழே ஊர்க்கூடத்தில் ஆண்கள் கூடி, போகலாமா, பொறுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொறுக்கலாம் என்று முடிவாகி அவர்கள் வெளியே வந்தபோது, மேலே மாட்டியிருந்த விருந்தாளிகள் ரொட்டிக்கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐத்தா வாசலில் நின்று காலில் கட்டியிருந்த அகலமான பனித்தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காக அவளைக் கொஞ்ச காலம் ஊருக்குப் பிடிக்காமல் இருந்தது. பிறகு ஊராட்சி அந்தப் பாதையை அவளிடமே கொடுத்தது. இலையுதிர்காலத்தில் மண் இறுகுவதற்கு முன் வழிகாட்டும் ரோஜா நிறக் கம்பங்களை நடுவது, பனி விழுந்த ஒவ்வொரு காலையும் முதல் ஆளாக ஏறி மிதித்துப் பாதை போடுவது, சரிவுகளைப் பார்த்துத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பது. அவள் திறந்த பிறகு ரியத் இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பனியை அமுக்குவான். ரியத் விடுதிக்காரர் வீட்டு இளைய பையன். மூத்தவன் யாஹென். யாஹெனைத்தான் ஐத்தா கட்டிக்கொண்டாள்.

யாஹென் பொறுமை இல்லாதவன். சூப் ஆறும்வரை காத்திருக்கத் தெரியாது. குளிர்காலம் முழுக்க நாக்கில் சூடுபட்ட புண்ணோடுதான் பேசுவான். ஐத்தா எதிர். ஒரு சரிவின் முன் வந்தால் நிற்பாள். கைத்தடியால் குத்துவாள். மறுபடியும் நிற்பாள். "உன் பொண்டாட்டி மலைகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கிறா" என்று யாராவது சொன்னால், "என்னைக் கட்டிக்க அத விட அதிக நேரம் யோசிச்சா" என்பான் யாஹென்.

அவன் அப்பா போன பிறகு விடுதியை அவன் நடத்தினான். குடியிருந்தது கீழே, எங்கள் ஊரில். காலையில் ஐத்தா பாதை போட மேலே போவாள். யாஹென் ரொட்டிக்கடையில் இரண்டு காபி குடித்துவிட்டு, சுடச்சுட ரொட்டி நிரப்பிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தடத்திலேயே ஏறுவான். பெரிய கால், பெரிய எட்டு. அவன் போன பிறகு அவள் தடம் தெரியாது. பின்னால் போகும் நாங்கள் அதைக் கரடித் தடம் என்போம்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஐத்தா கிளம்புவதற்கு முன் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் தினமும் ஒன்று நடக்கும். ரொட்டி வாங்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பனிச்சரிவில் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றை மேலே போகிறவர்கள் எல்லோரும் நெஞ்சில் மாட்டிக்கொள்வோம். அதை டப்பா என்போம். அதன் குமிழுக்கு மூன்று இடங்கள்: நிறுத்து, அனுப்பு, தேடு.

"டப்பா?" என்பாள் ஐத்தா.

"போட்டாச்சு."

"காட்டு."

"ஏண்டி, கல்யாணம் ஆகி இத்தன வருஷமாச்சு, இன்னும் ஊருக்கு முன்னாடி சட்டையத் தெறந்து காட்டச் சொல்றியே."

கடைக்குள்ளிருந்து சிரிப்பு வரும். ஐத்தா சிரிக்கமாட்டாள். தன்னுடையதைத் தேடு என்ற இடத்துக்குத் திருப்பி, அவன் நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு, "இப்ப நீ" என்பாள். யாஹென் தன் டப்பாவைத் திருப்பிக்கொண்டு ரியத்தின் கொட்டகைவரை போய், அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு குருடனைப் போல் வருவான். டப்பா முதலில் விட்டுவிட்டுக் கூவும். நெருங்க நெருங்க வேகமாகும். கடைசியில் ஒரே கூச்சலாகும்போது அவள் தொப்பியின் மேல் கை வைப்பான்.

"இதோ இருக்கா. கண்டுபிடிச்சாச்சு. பால்சர், இன்னொரு காபி!"

"திருப்பி வை. அனுப்புல வை."

"வச்சாச்சு, வச்சாச்சு. நீ போ. உனக்குப் பின்னாடிதானே வரேன், என்ன யாரு தேடப்போறா?"

"நான்தான் தேடணும்."

"ரொட்டி சுமக்கிற கழுதை எங்கயும் ஓடாது."

அவள் போனதும் கடைக்குள் வந்து மேல்சட்டையைக் கழற்றுவான். டப்பாவையும் கழற்றி, மின்கலம் வீணாகிறது என்று நிறுத்திவிட்டு, ஆணியில் மாட்டுவான். கிளம்பும்போது மாட்டிக்கொள்வான், திருப்ப மறந்துவிடுவான். இரண்டு முறை க்ரேஸ்டாவில் வைத்து ஐத்தா அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டாம் முறை விருந்தாளிகள் முன்னாலேயே, "செத்தா எனக்குச் சொல்லாமப் போயிடலாம்னு பாக்குறியா?" என்று கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டது அந்த ஒரு தடவைதான். யாஹென் அதற்கும் ஒரு பகடி சொன்னான். என்ன சொன்னான் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

அந்த வருஷம் மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, பிள்ளைகள் மாட்டு மணிகளை மாட்டிக்கொண்டு குளிர்காலத்தைத் தெருத்தெருவாக விரட்டினார்கள். அடுத்த வாரமே அது திரும்பி வந்தது. இரவெல்லாம் பனி, விடிந்ததும் காற்று.

ஐத்தா வழக்கம்போலக் கிளம்பினாள். காட்டைக் கடந்ததும் பாதை கரடிப் பள்ளத்தின் ஓரத்துக்கு வரும். செங்குத்தான ஓடை அது. கோடையில் ஒரே தாவலில் தாண்டலாம். பனிக்காலத்தில் மேலே தொங்கும் சரிவு முழுக்க அதில்தான் வந்து விழும். அவள் ஓரத்துக்கு வந்தபோது ஒரு சின்னப் பனிச்சரிவு ஏற்கெனவே விழுந்து, உடைந்த பனிக்கட்டிகள் பள்ளத்தில் கிடந்தன. மேலே இன்னும் பெரியது காத்திருந்தது. பாதையை மூட வேண்டும் என்பதில் அவளுக்கு யோசனையே இல்லை. ஊசியிலைக் கிளைகள் இரண்டை ஒடித்து, ஓரத்தில் குறுக்காக நட்டாள். மூடியிருக்கிறது என்பதற்கு மலையில் அதுதான் அடையாளம்.

திரும்பும்போது, அவள் கடந்து வந்த சரிவு காலடியில் அமுங்கி ஒரு மூச்சு விட்டது, உடையப்போகும் பனி விடும் மூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்த இடத்தை இரண்டாம் முறை மிதிக்கமாட்டார்கள். ஐத்தாவும் மிதிக்கவில்லை. பள்ளத்து ஓரத்திலிருந்து நேராகக் காட்டுக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் பிடித்து, ஆற்றங்கரைச் சாலைக்குப் போகும் வழியை எடுத்தாள். சரியான முடிவுதான். மீட்புக் குழுத் தலைவர் பிறகு எழுதியும் கொடுத்தார். ஊருக்குத் தகவல் சொல்ல அவள் இறங்கும்போதே கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அந்தக் காட்டில் எப்போதுமே இணைப்பு கிடையாது.

அவள் பாதை போடத் தொடங்கிய நாளிலிருந்து, போன தடத்தில் திரும்பாமல் வேறு வழியில் இறங்கியது அதுதான் முதல் முறை.

சாலைக்கு வந்ததும் பால்சரைக் கூப்பிட்டாள்.

"தடுப்பக் கட்டிப் பூட்டு. யாரையும் விடாத. யாரும் போகலியே?"

பால்சர் ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தான்.

"பால்சர்?"

"யாஹென் போயிட்டான்."

"எப்போ?"

"ரெண்டாவது காபி குடிச்சுட்டு, எப்பவும் போல."

"பலகை சிவப்புலதானே இருக்கு?"

"பலகையா?" என்றான் பால்சர். "ஐத்தா, உன் தடம் இருந்துச்சே."

அவள் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் மலையில் பனிச்சரிவு உடையும் சத்தம் கேட்டது. பால்சருக்கும் கேட்டது. போன் வழியாகவா, கடையின் ஜன்னல் வழியாகவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரியத்தும் மீட்புக் குழுவில் மற்றவர்களும் போனார்கள். ஹெலிகாப்டரில் நாய் வந்தது. சரிவு அகலமாக உடைந்து, பள்ளத்து ஓரத்தையும் அங்கே நட்டிருந்த கிளைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் டப்பாவைத் தேடுக்குத் திருப்பிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார்கள். ஐத்தாவும் நடந்தாள். ஒரு கூவல்கூட இல்லை. நீண்ட கம்பிகளால் குத்திப் பார்த்தார்கள். ரொட்டி மூட்டை மட்டும் கிடைத்தது. பிற்பகலில் மறுபடியும் பனி விழத் தொடங்க, இன்னொரு சரிவு வரும் என்று குழுவைக் கீழே அழைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனார்கள். அதற்குள் பள்ளத்தில் ஒரு வீட்டு உயரத்துக்குப் பனி சேர்ந்து, கல்லாக இறுகியிருந்தது. உருகட்டும், அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் தலைவர்.

டப்பாவை நிறுத்தி வைத்திருந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு எப்படி ஒரு சத்தமும் இல்லாமல் போகும்?

ஐத்தா பால்சரிடம் வந்து கேட்டாள். "கெளம்பும்போது திருப்பினானா?"

"நான் அடுப்புப் பக்கம் இருந்தேன், ஐத்தா. கவனிக்கல."

"திருப்பியிருக்கமாட்டான்."

"திருப்பியிருக்கமாட்டான்" என்றான் பால்சரும். அப்படிச் சொல்வது அவளுக்கு ஆறுதலாக இருந்ததை அவன் பார்த்தான்.

அந்த வசந்தம் முழுவதும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். யாஹென் குறுக்குக் கிளைகளைப் பார்த்தானா? பார்த்தான் என்றால், பார்த்தும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். ரொட்டி ஆறிவிடுமே என்ற அவசரத்தில், டப்பாவையும் போடாமல். அப்படியானால் அது அவன் மடத்தனம். காற்று அதற்கு முன்பே கிளைகளைச் சாய்த்துவிட்டிருந்தால், அவனுக்கு முன்னால் இருந்தது அவள் தடம் மட்டும். அப்படியானால் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனது அவள். இரண்டில் ஒன்று. மூன்றாவது ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்திக் கேட்டாள்.

"ஆழமாத்தான் நட்டேன். காத்துல விழாது. பாத்திருப்பான், இல்லையா?"

"பாக்காம என்ன. பாத்திருப்பான்."

"பாத்துட்டும் போயிருக்கான்."

"அவன் சுபாவம் அப்படி."

"மடையன்" என்பாள்.

நாங்களும் அதை ஒத்துக்கொண்டோம். உயிரோடு இருந்தபோது எங்களை அவ்வளவு சிரிக்க வைத்தவனை, தெருவில் நின்று மடையன் என்று ஒத்துக்கொள்வது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல முடியவில்லை. ஒருமுறை ரொட்டிக்கடையில் அவள், "ரொட்டிக்காகப் போயிட்டான் பாரு, ரொட்டிக்காக" என்றபோது, பால்சர் மாவுக் கையோடு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

பாதைத் தடுப்பின் சாவிகளை ஊராட்சியில் கொடுத்துவிட்டாள். க்ரேஸ்டா விடுதி மூடிக் கிடந்தது. போதகர் பிரார்த்தனை நடத்தலாமா என்று கேட்டதற்கு, ஆள் வரட்டும் என்றாள். வீட்டில் அவன் செருப்பை, சட்டையை, எதையும் எடுத்து வைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவன்மேல் குறை சொன்னாள். சூப்புக்குக் காத்திருக்கத் தெரியாதவன், சொல்வதைக் காதில் வாங்காதவன், எல்லாமே விளையாட்டு அவனுக்கு. கேட்டுவிட்டு வெளியே வந்தவர்கள், அவள் கோபமாக இருப்பது நல்லதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

தினமும் ஆற்றங்கரைச் சாலையில் நடந்துபோய்ப் பள்ளத்தின் அடிவாரத்தில் நின்று பார்ப்பாள். புல்வெளிகளில் பனி விலகி வெள்ளைப் பூக்கள் வந்தன. பிறகு அவையும் போயின. மாடுகளை மேலே ஓட்டிப்போனார்கள். கரடிப் பள்ளத்தில் மட்டும் பனி அழுக்குப் பாலமாக நின்றது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஜூனில் ரியத்தான் கண்டுபிடித்தான். பள்ளத்தைச் சுற்றிப் பார்க்க மீட்புக் குழுவில் இரண்டு பேரோடு போயிருந்தான். பாலம் ஒரு பக்கம் இடிந்து, உள்ளே நீல மேல்சட்டை தெரிந்தது. அவர்கள் இருவரையும் போன் செய்யக் கீழே அனுப்பிவிட்டு, ரியத் தனியாக உள்ளே ஊர்ந்து போனான்.

அண்ணன் பள்ளத்தின் நடுவே கிடந்தான். வலது கையில் கையுறை இல்லை. டப்பா நெஞ்சில் மாட்டியிருக்கவில்லை. கையில் இருந்தது. வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. ரியத் குமிழைப் பார்த்தான். அது நிறுத்து என்ற இடத்தில் இல்லை. அனுப்பு என்ற இடத்திலும் இல்லை.

குழுவில் இருப்பவனுக்கு, நடந்ததைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அண்ணன் ஓரத்துக்கு வந்திருக்கிறான். குறுக்குக் கிளைகளைப் பார்த்திருக்கிறான். அதுவரை அவள் தடம். அதற்கப்பால் ஒன்றுமில்லை, அவள் காட்டுக்குள் இறங்கிய தடத்தைக் காற்று நிரப்பிவிட்டது. திரும்பி வந்த தடமும் இல்லை. கீழே பள்ளத்தில், காலையில் விழுந்த அந்தச் சின்னச் சரிவின் கட்டிகள் புதிதாகக் கிடக்கின்றன. போனவள் எங்கே? மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, டப்பாவைத் தேடுக்குத் திருப்பிக்கொண்டு, அவளைத் தேடிப் பள்ளத்தில் இறங்கிவிட்டான். தேடும்போது டப்பா அனுப்பாது. புது டப்பாக்கள், பிடித்திருப்பவர் அசையாமல் கிடந்தால் தாங்களாகவே அனுப்பத் தொடங்கிவிடும். இது பழசு. ஐத்தாவுக்கு ஊராட்சி புதுசு கொடுத்தபோது அவள் அவனுக்குக் கொடுத்தது. கை வைத்துத் திருப்பினால்தான் திரும்பும்.

ரியத் கை வைத்துத் திருப்பினான். நிறுத்து என்ற இடத்துக்கு.

"அவ தாங்கமாட்டான்னு தோணிச்சு" என்று எங்களிடம் பிறகு சொன்னான். "மடையனாவே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அண்ணன் அதுக்கெல்லாம் கோவிச்சுக்கமாட்டான்."

சாயங்காலம் அவள் சமையலறையில் யாஹெனின் பொருள்களை மேஜை மேல் வைத்தான். கைக்கடிகாரம், பேனாக்கத்தி, டப்பா. ஐத்தா கடிகாரத்தைத் தொட்டுவிட்டு டப்பாவைப் பார்த்தாள்.

"நிறுத்துலதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவள் தலையாட்டினாள். நீண்ட மூச்சு விட்டாள். ரியத் கிளம்ப எழுந்தான். அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டப்பாவைக் கையில் எடுத்தாள். ஓடைத் தண்ணீரின் மெல்லிய சாம்பல் வண்டல் அதன்மேல் ஒரு தோலைப் போலப் படிந்து காய்ந்திருந்தது. துடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். புதுப் பனியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ரியத்."

"ம்."

"உன் கட்டைவிரல் தடம் இருக்கு."

அவன் நின்றான்.

"இங்க, குமிழ் மேல. காயறதுக்கு முன்னாடி பட்டது." விரல் வைத்துக் காட்டினாள். "வண்டல் எல்லா எடத்துலயும் படிஞ்சிருக்கு. தேடுங்கிற எழுத்துக்குப் பக்கத்துல மட்டும் படியல. குமிழ் இத்தன நாளும் அங்கதான் இருந்திருக்கு."

ரியத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஐத்தா நின்றபடியே இருந்தாள். பிறகு, ரொம்ப மெதுவாக, யாரோ தூங்கிக்கொண்டிருப்பது போலக் கேட்டாள்.

"நான் சாலையில நின்னு பால்சர்கூடப் பேசிட்டு இருந்தேன். அப்ப அவன் என்னத் தேடிட்டு இருந்தானா?"

"ஐத்தா."

"கூப்பிட்டிருப்பான். சும்மா தேடமாட்டான், கத்திக் கூப்பிட்டிருப்பான். காத்து எந்தப் பக்கம் அடிச்சுது அன்னைக்கு?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். மேல் பக்கமா அடிச்சுது. கீழ கேக்காது." கண்ணாடியைக் கழற்றினாள். "மடையன்னு சொன்னேன், ரியத். ஊரு பூரா நின்னு சொன்னேன். நீங்க ஒருத்தர்கூட இல்லேங்கலியே."

ரியத் அழுதான். அவள் அழவில்லை. குமிழைக் கட்டைவிரலால் தள்ளி, வண்டல் படியாத அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். வெகுநேரம் கழித்து, சாப்பிட்டாயா என்று அவனிடம் கேட்டாள்.

அடக்கத்தின்போது ஊர் முழுக்க இருந்தது. போதகர் நல்ல வார்த்தைகள் சொன்னார். ஐத்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. அந்தக் கோடையில் அவளைப் பார்த்தவர்கள், கோபமாக இருந்தபோதே தேவலை என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலத்துக்குப் பாதையை ஊராட்சி ரியத்திடம் கொடுத்தது. நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. விடிந்ததும் ரியத் ரொட்டிக்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். நாங்களும் சிலர் இருந்தோம். கதவு திறந்து ஐத்தா வந்தாள். கையில் பனித்தட்டுகள்.

"அலேக்ரா" என்று எப்போதும் போல வணக்கம் சொன்னாள். "நான் போறேன்."

"வேணாம், ஐத்தா" என்றான் ரியத்.

"பள்ளத்து ஓரம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன். போன தடத்துலயே வருவேன். வேற வழியில வரமாட்டேன், இனி எப்பவும்."

"பின்னாடி சரிவு மூச்சு விட்டா?"

"விடட்டும்."

"அதுக்கு நான் உன்ன அனுப்ப முடியாது."

"உன்கிட்ட அனுமதி கேக்கல. டப்பா போட்டிருக்கியான்னு கேளு. அதான் உன் வேலை இப்ப."

ரியத் கோப்பையை மேஜை மேல் வைத்தான். பிறகு எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"டப்பா?"

அவள் மேல்சட்டையைத் திறந்து காட்டினாள். நெஞ்சில் புது டப்பாவின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அவள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். யாஹெனுடையது. இன்னும் துடைக்காமலே வைத்திருந்தாள்.

"பால்சர், பேட்டரி வச்சிருக்கியா? சின்னது."

பால்சர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"ஓடாது, ஐத்தா" என்றான் ரியத். "அவ்வளவு நாள் தண்ணியில கெடந்தது."

அவள் பின்மூடியைத் திறந்து, பழையவற்றை எடுத்துவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி மூடினாள். குமிழைத் தொடவில்லை. அது அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டப்பா கூவியது. ஒருமுறை, நின்று இன்னொரு முறை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவளைப் போல நின்றாள். மெல்ல மேலே உயர்த்தி, திறந்திருந்த சட்டைக்குள், நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சத்தம் வேகமானது. இன்னும் வேகமானது. ஒரே கூச்சலாகிக் கடை முழுக்க நிறைந்தது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

பால்சர் பழைய பழக்கத்தில் அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துக் காபி ஊற்றத் தொடங்கினான். பாதியில் கை நின்றது.